நனிசைவமும் பி12 உயிர்ச்சத்தும்: ஒரு விழிப்புணர்வின் வரலாறு

இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், நெய், தேன் முதலிய விலங்குவழிப் பொருள்கள் அனைத்தையும் விலக்கித் தாவர உணவை மட்டுமே கொள்ளும் முறை நனிசைவம் எனப்படுகிறது. இதனை வீகன் உணவுமுறை என்றும் வழங்குவர். தமிழ்நாட்டில் சைவச் சாப்பாடு என்றால் அதில் மோரும் நெய்யும் உண்டு. காலையில் பால் காப்பியும் உண்டு. ஆகவே சைவம் வேறு, நனிசைவம் வேறு. சொல்லளவில் சிறியதாகத் தோன்றும் இந்த வேறுபாடு உடல்நலக் கணக்கில் மிகப் பெரியது.

நனிசைவ உணவில் கவனம் வேண்டிய சத்துகள் பல. எனினும் வரலாற்றில் முதலிடம் பெறுவது பி12 என்னும் உயிர்ச்சத்தே. நனிசைவ இயக்கம் 1944இல் தோன்றியது. பி12 கண்டறியப்பட்டது 1948இல். இயக்கத்தைத் தொடங்கியவர்கள் தங்கள் உணவில் எது இல்லை என்பதை அறிந்திருக்க வழியே இல்லை. பின்னர் அது தெரியவந்தபோது மருத்துவர்களும் நனிசைவர்களும் எவ்வாறு நடந்துகொண்டார்கள், தெரிந்த பிறகும் ஏன் பலர் பாதிக்கப்பட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பாலை விட முயன்ற ஒருவர்

இங்கிலாந்தின் சைவ உணவுச் சங்கம் 1847இல் தொடங்கப்பட்டது. பாலும் முட்டையும் உண்ணலாமா என்ற வாதம் அதற்குள் நெடுங்காலம் நடந்துவந்தது. அதே கேள்வியோடு தனியாகப் போராடியவர் காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவில் தமிழ்க் குடும்பங்கள் பலவும் தங்கியிருந்த டால்ஸ்டாய் பண்ணையில், 1912இல், அவரும் நண்பர் காலன்பாக்கும் பாலைக் கைவிட்டனர். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்து, 1918இல், காந்தி கடும் வயிற்றுக்கடுப்பால் படுக்கையில் விழுந்தார். மருத்துவர்கள் பால் அருந்தச் சொன்னார்கள், அவர் மறுத்தார். பாலுக்கு ஈடான தாவரப் பொருள் உண்டா என்று மருத்துவர்களையும் வைத்தியர்களையும் கேட்டார். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. விரதம் எடுத்தபோது பசுவும் எருமையும்தானே மனத்தில் இருந்தன, ஆட்டுப்பால் அதில் அடங்காதே என்று கஸ்தூரிபா சொன்னதை ஏற்று, இறுதியில் ஆட்டுப்பால் அருந்தினார். அது தமது விரதத்தின் உட்பொருளுக்கு மாறானது என்ற வருத்தம் அவருக்குக் கடைசி வரை இருந்தது.

காந்தியின் நோய்க்குக் காரணம் சத்துக் குறைவு என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதற்கு விடை கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

1944: ஒரு சொல் பிறக்கிறது

டொனால்டு வாட்சன் (1910–2005) இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். பள்ளியில் மரவேலை கற்பித்த ஆசிரியர். பால் விலக்கிய சைவர்களுக்கென இதழில் தனிப் பகுதி ஒதுக்குமாறு சைவ உணவுச் சங்கத்தைக் கேட்டு, அது மறுக்கப்பட்ட பின், 1944 நவம்பரில் எல்சி ஷ்ரிக்லி உள்ளிட்ட சிலருடன் இலண்டனில் கூடிப் புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துகளையும் இறுதியெழுத்துகளையும் சேர்த்து 'வீகன்' என்ற சொல் ஆக்கப்பட்டது. சைவத்தில் தொடங்கி அதன் முடிவான இடத்துக்குப் போவது என்பது அதன் குறிப்பு. அதற்கு முன் 'டெய்ரிபேன்', 'வைட்டன்', 'பெனவோர்' போன்ற பெயர்களும் பேசப்பட்டன. அவற்றுள் ஒன்று நிலைத்திருந்தால் இன்று கடைப் பொட்டலங்களில் வேறொரு பெயரைப் படித்துக்கொண்டிருப்போம்.

அது போர்க்காலம். உணவு பங்கீட்டு அட்டையில்தான் கிடைத்தது. பால்மாடுகளிடையே காசநோய் பரவியிருந்ததும் பாலை விலக்கச் சொன்னவர்களுக்கு ஒரு வாதமாக அமைந்தது. அக்காலத்து ஊட்டச்சத்து அறிவியல் புரதம், கொழுப்பு, சுண்ணாம்பு, இரும்பு, அன்று தெரிந்திருந்த சில உயிர்ச்சத்துகள் ஆகியவற்றையே கணக்கிட்டது. அந்தக் கணக்கின்படி கொட்டைகள், பயறுகள், கீரை, முழுக்கோதுமை ஆகியவற்றால் எல்லாம் நிறைவாகிவிடும் என்று நம்ப இடமிருந்தது.

ஈரலுக்குள் இருந்த பொருள்

பி12இன் கதை வேறொரு பக்கத்திலிருந்து தொடங்குகிறது. இலண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1849இல் ஒருவகை இரத்தசோகையை விவரித்தார். நோயாளி வெளிறிப்போவார், நாக்கு புண்ணாகும், கைகால் மரத்துப்போகும். சில ஆண்டுகளில் மரணம். மருந்து இல்லாத இந்நோய் பின்னர் 'பெர்னீசியஸ் அனீமியா', அதாவது கொடிய இரத்தசோகை, என்று பெயர் பெற்றது.

1920களில் ஜார்ஜ் விப்பிள் என்ற அமெரிக்கர், இரத்தம் இழக்கச் செய்த நாய்களுக்குப் பல உணவுகளைக் கொடுத்துப் பார்த்து, ஈரல் கொடுத்த நாய்கள் விரைவில் தேறுவதைக் கண்டார். இதைப் பின்பற்றி பாஸ்டன் நகரின் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி இருவரும் 45 நோயாளிகளுக்கு நாள்தோறும் ஈரல் உண்ணக் கொடுத்துத் தேற்றிய செய்தியை 1926இல் வெளியிட்டனர். மூவருக்கும் 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே பாஸ்டனில் வில்லியம் கேஸில் என்பவர் செய்த சோதனை கேட்பதற்கே ஒரு மாதிரியானது. இறைச்சியைத் தாம் தின்று, சற்று நேரம் கழித்து வயிற்றிலிருந்து வெளியே எடுத்து, அதை நோயாளிகளுக்குக் குழாய்வழி செலுத்தினார். நோயாளிகள் தேறினர். வெறும் இறைச்சி அந்தப் பலனைத் தரவில்லை. ஆகவே உணவிலுள்ள ஒரு பொருளும் நலமான இரைப்பை சுரக்கும் ஒரு பொருளும் சேர்ந்தால்தான் பயன் என்பது புலனாயிற்று.

அந்த உணவுப் பொருள் எது? டன் கணக்கில் ஈரலை வடித்துத் தேடிய தேடலின் முடிவில், 1948இல், அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் கார்ல் ஃபோக்கர்ஸ் குழுவினரும், பிரிட்டனின் கிளாக்சோ நிறுவனத்தில் லெஸ்டர் ஸ்மித்தும் சில வார இடைவெளியில் அதைப் பிரித்தெடுத்தனர். அது சிவப்புப் படிகம். நடுவில் ஒரு கோபால்ட் அணு. அதற்கு பி12 என்று பெயரிட்டார்கள். அதன் சிக்கலான மூலக்கூறு அமைப்பை எக்ஸ் கதிர்களால் 1956இல் தெளிவாக்கியவர் டோரதி ஹாட்ஜ்கின். அவருக்கு 1964இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நனிசைவத்துக்கு முக்கியமான செய்தி இதற்கடுத்து வந்தது. பி12ஐத் தாவரமும் செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை. சில நுண்ணுயிர்கள் மட்டுமே அதை உண்டாக்குகின்றன. மாடு புல்லைத்தானே தின்கிறது, அதற்கு எங்கிருந்து கிடைக்கிறது என்று மாணவர்கள் கேட்பது இயல்பு. மாட்டின் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. புல்லிலுள்ள கோபால்ட்டைக் கொண்டு அவை பி12ஐச் செய்கின்றன. அது கீழே குடலில் உறிஞ்சப்பட்டு இறைச்சிக்கும் பாலுக்கும் போகிறது. மனிதனின் பெருங்குடலிலும் அத்தகைய பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் பி12ஐ உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைப்பகுதி. பெருங்குடலோ அதற்கும் கீழே இருக்கிறது. உற்பத்தியான சரக்கு கடையைத் தாண்டிப் போய்விடுவதால் பயன்படுவதில்லை.

அறியாமல் நடந்த சோதனை

இப்படியாக, 1944 முதல் பால்கூட இல்லாமல் வாழ்ந்த பிரிட்டன் நனிசைவர்கள் தங்களை அறியாமலே ஒரு பெரிய சோதனைக்கு உள்ளாகியிருந்தார்கள். முதல் சில ஆண்டுகளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குக் காரணம் உடலின் சேமிப்பு. வளர்ந்த ஒருவரின் உடலில், பெரும்பாலும் ஈரலில், 2 முதல் 5 மில்லிகிராம் வரை பி12 இருக்கும். ஒரு நாள் தேவையாக இன்று அமெரிக்காவில் வகுத்திருப்பது 2.4 மைக்ரோகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தது ஒரு மில்லிகிராம். தவிர, பித்தநீர் வழியாகக் குடலுக்கு வரும் பி12இன் பெரும்பகுதியை உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே சேமிப்புக் கரைய ஆண்டுக்கணக்காகும். உணவுமுறையை மாற்றி ஐந்து ஆண்டு ஆயிற்று, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அது பொய்யாகாது. ஆனால் அது சான்றும் ஆகாது.

1950களின் தொடக்கத்தில் சிலரிடம் அறிகுறிகள் தென்பட்டன. நாக்குப் புண், கைகால்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, பெண்களுக்கு மாதவிடாய்த் தடை, முதுகுவலி, நடையில் தடுமாற்றம் ஆகியன அவை. பிராங்க் வோக்ஸ், ஜான் பேடனாக், ஹியூ சின்கிளேர் ஆகிய மூவர் இவற்றைத் தொகுத்து, உணவின் வழியாகவே மனிதருக்கு பி12 குறைபாடு வரக்கூடும் என்று 1955இல் கட்டுரை வெளியிட்டனர். இரைப்பைக் கோளாறு இல்லாமல், வெறும் உணவினாலேயே இது நேரும் என்பது மருத்துவ உலகுக்குப் புதிய செய்தி. எல்லாருக்கும் ஒரே வேகத்தில் நேரவில்லை என்பதும் கவனிக்கப்பட்டது. பத்தாண்டுக்கு மேல் நலமாக இருந்தவர்களும் இருந்தார்கள். சில ஆண்டுகளிலேயே தளர்ந்தவர்களும் இருந்தார்கள்.

நனிசைவச் சங்கத்தில் சிலர் இதை எதிர்ப்பின் பிரசாரமாக எண்ணியிருக்கலாம். ஆனால் இயக்கத்துக்குள்ளிருந்தே ஆராய்ச்சிக்கு ஒத்துழைப்பு வந்தது என்பது அதன் பெருமை. கிங்ஸ்டன் மருத்துவமனையின் குருதியியல் மருத்துவர் ஃபிரே எல்லிஸ் நனிசைவ இயக்கத்தின் தலைவராகவும் விளங்கியவர். அவர் தம் கூட்டாளிகளுடன் நனிசைவர்களின் இரத்தத்தைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வந்தார். பெரும்பாலோர் நலமாகவே இருந்தனர். ஆனால் மாத்திரையோ செறிவூட்டிய உணவோ எடுக்காதவர்களின் இரத்தத்தில் பி12 அளவு தாழ்ந்திருந்தது. தம் கொள்கைக்குச் சங்கடமான எண்களை மறைக்காமல் வெளியிட்ட இந்த நேர்மை இல்லையென்றால் பின்வந்தவர்கள் பாடு கடினமாகியிருக்கும்.

காந்தி தேடிய தாவரப்பாலும் இக்காலத்தில்தான் உருவாயிற்று. லெஸ்லி கிராஸ் முதலியோர் 1956இல் தாவரப்பாலுக்கென்றே ஒரு சங்கம் அமைத்தனர். அதன் விளைவாக 1965இல் 'பிளாமில்' என்ற சோயாப்பால் விற்பனைக்கு வந்தது. அதில் பி12 சேர்க்கப்பட்டிருந்தது. பாக்டீரியாவை வளர்த்துப் பெறும் பி12 என்பதால் கொள்கைக்கும் இடறில்லை. இன்றும் உலகில் விற்கும் பி12 மாத்திரைகளுக்கான சரக்கு நுண்ணுயிர் வளர்ப்பினால்தான் பெறப்படுகிறது.

இரத்தம் மறைத்த நோய்

குறைபாட்டைக் கண்டுபிடிப்பதில் ஒரு பெரிய தடை இருந்தது. அதன் வேர் இந்தியாவில் கிடைத்த வேறொரு கண்டுபிடிப்பில் இருக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1928 முதல் பம்பாயில், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிப் பெண்களுக்கு வந்த இரத்தசோகையை ஆராய்ந்தார். 'மார்மைட்' என்னும் மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது தீர்வதைக் கண்டார். அதிலிருந்த பொருளே பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. கீரைகளிலும் பயறுகளிலும் இது நிறைய உண்டு.

1940களில் ஃபோலிக் அமிலம் செயற்கையாகச் செய்யப்பட்டதும் கொடிய இரத்தசோகைக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் தேறியது. ஆனால் நோயாளிகள் சிலரின் கால்கள் செயலிழக்கத் தொடங்கின. காரணம் பின்னர் விளங்கியது. பி12 உடலில் இரண்டு இடங்களில் வேலை செய்கிறது: இரத்த அணுக்கள் உருவாகும் இடம் ஒன்று, நரம்பின் உறையைக் காக்கும் இடம் மற்றொன்று. முதல் வேலையின் குறையை ஃபோலிக் அமிலம் ஓரளவு ஈடு செய்துவிடும். இரண்டாவதை அதனால் செய்ய முடியாது.

நனிசைவர் நிலைமையும் ஏறத்தாழ இதுவே. கீரையும் பயறும் நிறைந்த உணவில் ஃபோலிக் அமிலத்துக்குக் குறைவில்லை. ஆகவே இரத்தச் சோதனையில் சோகை தெரியாமலே தண்டுவடமும் நரம்புகளும் கெடக்கூடும். ஹீமோகுளோபின் 13 இருக்கிறது, பயமில்லை என்று எண்ணுவது இங்குதான் ஏமாற்றிவிடும். நெடுநாள் கெட்ட நரம்பு, பின்னர் பி12 ஊசி போட்டாலும் முழுமையாக மீளாமல் போகலாம்.

வேலூரும் குழந்தைகளும்

பி12 வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் 1962இல் 'லான்செட்' இதழில் ஒரு புதிய நோய்க்கூட்டத்தை விவரித்தனர். நோயாளிகள் ஒரு வயதுக்குட்பட்ட, தாய்ப்பால் மட்டுமே குடித்துவந்த குழந்தைகள். பிறந்தபோது நன்றாக இருந்து, சிரித்து, தலை நின்று, பின் சில மாதங்களில் கற்றதையெல்லாம் இழந்தார்கள். எதிலும் நாட்டமில்லாமல் கிடந்தார்கள். கைகால்கள் தாமாக நடுங்கின. புறங்கை, கால் ஆகியவற்றின் தோல் கறுத்தது. இரத்தசோகையும் இருந்தது. தாய்மார்களின் உணவில் விலங்குவழிப் பொருள் மிகக் குறைவு. அவர்கள் பாலிலும் பி12 குறைவு. மிகச் சிறிதளவு பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறினர்.

இதில் கொள்கை எதுவும் இல்லை, ஏழ்மையும் வழக்கமும்தான். ஆனால் பதினாறு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் சான் டியேகோவில் இதே காட்சி திரும்பியது. அங்கே தாய் வறியவர் அல்லர். கொள்கைக்காக நனிசைவம் பேணியவர். தாய்க்கு வெளிப்படையான நோய் ஏதும் இல்லை. தாய்ப்பால் மட்டுமே குடித்த ஆறு மாதக் குழந்தையோ உணர்விழந்த நிலைக்குச் சென்றது. 1978இல் அச்செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தது. தாய்க்கு முன்னாள் உணவின் சேமிப்பு இருக்கிறது. குழந்தைக்கு அது கிடையாது. தாய் வயிற்றில் பெற்றதையும் பாலில் பெறுவதையும் வைத்தே அதன் மூளை வளர வேண்டும்.

1980களில் நெதர்லாந்தில் மேக்ரோபயாட்டிக் என்னும், ஏறத்தாழ நனிசைவமான, உணவுமுறையைப் பின்பற்றிய குடும்பங்களின் குழந்தைகளை டாக்னலி முதலிய ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். பால்குடி மறக்கும் பருவத்தில் வளர்ச்சி தடைப்பட்டது. கணைச்சூடு என்று நாட்டுவழக்கில் சொல்வது போன்ற மெலிவும், எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயும் காணப்பட்டன. ஆய்வின் பின் பல பெற்றோர் உணவில் எண்ணெயும் பாலும் மீனும் சேர்த்தனர். எனினும் அக்குழந்தைகள் பதின்பருவம் எட்டியபோது, பி12 இன்னும் தாழ்ந்திருந்தவர்கள் சில அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியிருந்ததை 2000இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பெரியவர் தம் உடலை வைத்து எதையும் முயன்று பார்க்கலாம். குழந்தை விஷயத்தில் அந்த உரிமையைப் பற்றிப் பேசுவது அவ்வளவு எளிதல்ல.

கடற்பாசி, மண், பழைய சோறு

நிரூபணமான விடை 1960களிலேயே கைக்கு வந்துவிட்ட பிறகும், இயற்கையான தாவர மூலம் ஒன்று இருக்க வேண்டும் என்ற ஆசை பலரை விடவில்லை. இயற்கை உணவில் ஒன்று குறைகிறது என்று ஒப்புக்கொள்வது கொள்கைக்கே இழுக்கு என்று சிலர் நினைத்ததே காரணம். கடற்பாசி, ஸ்பைருலினா, புளித்த சோயா, கழுவாத காய்கறியிலுள்ள மண் என்று பட்டியல் நீண்டது. பழைய ஆய்வுக்கூடச் சோதனைகள் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்த்தே பி12ஐ அளந்தன. பாக்டீரியாவுக்குப் பயன்படுவதெல்லாம் மனிதனுக்குப் பயன்படுவதில்லை. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் போலி பி12 என்பதை ஜப்பானிய ஆய்வுகள் காட்டின. நெதர்லாந்துக் குழந்தைகளுக்குக் கடற்பாசி கொடுத்துப் பார்த்தபோது அவர்களின் குறைபாடு தீரவில்லை என்று 1991இல் தெரிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இந்த இடத்தைப் பிடித்திருப்பது பழைய சோறு. நீராகாரத்துக்கு அதற்குரிய நன்மைகள் உண்டு. ஆனால் சோற்றில் வளரும் புளிப்பு பாக்டீரியாக்கள் வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் மாறுபவை. அவற்றை நம்பி பி12 தேவையைத் தீர்க்க முடியாது.

வேலூரிலிருந்து 1980இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வும் இங்கே அடிக்கடி தவறாக எடுத்தாளப்படுகிறது. ஆல்பர்ட், மதன், பேக்கர் மூவரும் தென்னிந்தியரின் சிறுகுடலிலேயே பி12 செய்யக்கூடிய பாக்டீரியாக்கள் இருப்பதைக் காட்டினர். சிறுகுடல் என்பதால் அது உறிஞ்சப்படவும் வாய்ப்புண்டு. அதனால் இந்தியருக்குக் கவலையில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள் சிலர். உண்மை நிலவரம் வேறு. புனேயில் யாஜ்னிக் குழுவினர் 441 நடுவயது ஆண்களைச் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில் 67 விழுக்காட்டினருக்கு பி12 தாழ்ந்திருந்தது. இவர்கள் நனிசைவர்கள் அல்லர். பால் அருந்தும் சைவர்களும் அசைவர்களும் அதில் உண்டு. குடல் பாக்டீரியா காப்பாற்றும் என்றால் இந்த எண் வந்திருக்காது. ஏற்கெனவே சேமிப்புக் குறைந்த நாட்டில் ஒருவர் பாலையும் நிறுத்தும்போது, பிரிட்டன்காரர் போல அவருக்குப் பத்தாண்டு அவகாசம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

2001: இயக்கம் தானே எழுதிய கடிதம்

இவ்வளவுக்குப் பிறகு, 2001இல் நனிசைவ ஆதரவாளர்களான மருத்துவர்களும் ஊட்டச்சத்து வல்லுநர்களும் அமைப்புகளும் சேர்ந்து, பி12 பற்றி ஒவ்வொரு நனிசைவரும் அறிய வேண்டியதை ஒரு திறந்த மடலாக வெளியிட்டனர். எழுத்தில் முன்னின்றவர் ஸ்டீபன் வால்ஷ். அதிலுள்ள வழிகள் மூன்று. செறிவூட்டிய உணவை நாளுக்கு இரண்டு மூன்று வேளை உண்டு குறைந்தது 3 மைக்ரோகிராம் பெறலாம். அல்லது நாள்தோறும் குறைந்தது 10 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று. அல்லது வாரம் ஒருமுறை குறைந்தது 2000 மைக்ரோகிராம். அளவு இப்படித் தாறுமாறாக ஏறுவதற்குக் காரணம், குடல் ஒரு வேளையில் முழுமையாக ஏற்பது ஏறக்குறைய ஒன்றரை மைக்ரோகிராம்தான். மிச்சத்தில் நூற்றில் ஒரு பங்களவே உள்ளே போகும். ஆகவே எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறோமோ அதற்கேற்ப அளவு கூட வேண்டும்.

மடல் பயன் தந்ததா? ஆக்ஸ்போர்டில் 1990களில் தொடங்கிய பெரிய உணவு ஆய்வில், அப்போது எடுத்த இரத்தத்தைக் கொண்டு 689 ஆண்களின் நிலையை 2010இல் வெளியிட்டனர். குறைபாட்டு எல்லைக்குக் கீழே இருந்தவர்கள் நனிசைவர்களில் 52 விழுக்காடு, பால் அருந்தும் சைவர்களில் 7 விழுக்காடு. அசைவர்களில் ஒருவர் மட்டுமே. இரத்த அளவு தாழ்ந்த எல்லாரும் நோயாளிகள் அல்லர் என்பது உண்மையே. ஆனால் 1955இலேயே அச்சில் வந்துவிட்ட செய்தி நாற்பது ஆண்டு கழித்தும் பாதிப் பேரைச் சென்று சேரவில்லை. மடல் எழுதப்பட்டதன் தேவை இந்த எண்ணிலேயே தெரிகிறது.

பிற சத்துகள்

மற்றவை உணவாலேயே பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. சுண்ணாம்புச் சத்தில் அசட்டை கூடாது. அதே ஆக்ஸ்போர்டு ஆய்வின் 2020ஆம் ஆண்டு வெளியீட்டில், நனிசைவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு அசைவர்களைவிட 2.3 மடங்காக இருந்தது. முன்னதாக 2007இல் வந்த கணக்கில், நாளுக்கு 525 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து பெற்ற நனிசைவர்களிடம் முறிவு அதிகமாகக் காணப்படவில்லை. கேழ்வரகும் எள்ளும் உள்ள தமிழ்நாட்டுச் சமையலுக்கு இது எட்டாத அளவல்ல. இரும்புக்கு, பயறோடு எலுமிச்சை, நெல்லிக்காய் போன்ற புளிப்பைச் சேர்ப்பதும், சாப்பாட்டோடு தேநீர் குடிக்காமலிருப்பதும் உதவும்.

அயோடின் பற்றி ஒரு சொல். பிரிட்டனில் பாலே முக்கிய அயோடின் மூலமாக இருப்பதால் அங்கு நனிசைவர்களுக்கு அது குறைகிறது. இந்தியாவில் சமையல் உப்பிலேயே சேர்த்துவிடுகிறார்கள். உடலுக்கு நல்லதென்று இந்துப்புக்கு மாறும் நனிசைவர் அந்தக் காப்பையும் இழக்கிறார்.

பொட்டலத்தில் எழுதியிருப்பது

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் நனிசைவ உணவுக்கென விதிமுறைகளை வகுத்து, பச்சை நிறத்தில் 'வி' எழுத்துள்ள தனி முத்திரையையும் கொண்டுவந்தது. விலங்குவழிப் பொருள் இல்லை என்பதே அந்த முத்திரையின் பொருள். பி12 சேர்த்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. செறிவூட்டிய உணவுக்கு '+எஃப்' என்ற வேறு முத்திரை உண்டு. கடையில் விற்கும் பாதாம்பால், ஓட்ஸ்பால், சோயாப்பால் ஆகியவற்றில் சிலவற்றில் பி12 சேர்க்கப்படுகிறது, சிலவற்றில் இல்லை. பின்பக்கத்து அட்டவணையைப் படித்தால்தான் தெரியும். வீட்டில் பிழிந்த தேங்காய்ப்பாலில் அறவே இல்லை.

செறிவூட்டப்பட்ட அரிசிக்கு ஆணையம் வகுத்த அளவு கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் பி12. நாளுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு அதிலிருந்து கிடைப்பது அதிகம் போனால் 0.4 மைக்ரோகிராம். பாலும் முட்டையும் சேர்த்துக்கொள்பவருக்கு அது ஒரு கைத்தாங்கல். நனிசைவருக்கு ஒரு நாள் தேவையில் ஆறில் ஒரு பங்கு; மிச்சத்துக்கு அவர் மாத்திரையையோ செறிவூட்டிய பாலையோதான் நாட வேண்டியிருக்கும். கருவுற்ற பெண்ணும் பாலூட்டும் தாயும் நனிசைவராக இருந்தால், முதல் பரிசோதனையிலேயே மருத்துவரிடம் அதைச் சொல்லி பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. சொல்லாவிட்டால், சைவம் என்று மட்டும் கேட்டு மருத்துவர் பாலும் தயிரும் உண்டு என்றே எடுத்துக்கொள்வார்.